சேருடைய இன்பொக்ஸை நான் பார்க்கிறேன்: எதைத் திறப்பது, எதற்குப் பதில் எழுதுவது?

கொக்குவில்காரி

வணக்கம். யாழ்ப்பாணத்தில் ஒரு தனியார் ஏற்றுமதி நிறுவனத்தில் பணிப்பாளருக்கு உதவியாளராகச் சேர்ந்திருக்கிறேன். இதற்கு முன்பு கணக்குப் பகுதியில் இருந்ததால் கடிதம், கோவை, பற்றுச்சீட்டு எல்லாம் பழக்கம், ஆனால் இன்னொருவருடைய இன்பொக்ஸுக்குள் இருந்து வேலை செய்வது புதிது.

சேர் மாதத்தில் அரைவாசி நாள் கொழும்பில். ரயிலில் போகும்போதும் வரும்போதும் போனில் மெயிலைத் திறந்து பார்ப்பார், பதில் எழுதமாட்டார். அவர் பார்த்ததெல்லாம் வாசித்த மெயிலாகிக் கீழே போய்விடும், பிறகு யாராவது போன் எடுத்து "போன கிழமை அனுப்பினேனே, கிடைக்கவில்லையா" என்று கேட்கும்போதுதான் இரண்டு பேரும் தேடுகிறோம். வாசிக்காமல் கிடக்கிறதே ஆயிரக்கணக்கில் இருக்கிறது. கடவுச்சொல்லை ஒரு துண்டில் எழுதித் தந்து "எல்லாத்தையும் நீங்களே பாருங்கோ பிள்ளை" என்று சொல்லிவிட்டார். எல்லாம் என்றால் எதெல்லாம்? அவருடைய பெயரில் நான் பதில் எழுதலாமா? எங்கே இருந்து தொடங்குவது என்று அனுபவமுள்ள ஆக்கள் சொன்னால் பெரிய உதவி.

சுண்டிக்குளி அக்கா

தங்கச்சி, முதல் வேலையாக அந்தத் துண்டைக் கிழித்துவிடுங்கள், சேரிடம் சொல்லிக் கடவுச்சொல்லையும் மாற்றுவியுங்கள். கடவுச்சொல்லை வாங்கி உள்ளே போவது சுகமாகத்தான் தெரியும், ஆனால் அப்படிப் போனால் அந்தக் கணக்கில் நடக்கும் எல்லாமே சேர் செய்ததாகத்தான் இருக்கும். நாளைக்கு ஒரு மெயில் காணாமல் போனால் அது நீங்களா அவரா என்று காட்ட வழியில்லை. இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு போட்டிருந்தால் குறியீடு அவருடைய போனுக்கு வரும், அவர் ரயிலில் மாங்குளம் தாண்டிக்கொண்டிருக்க நீங்கள் இங்கே கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். அந்தக் கரைச்சலுக்காகச் சரிபார்ப்பையே நிற்பாட்டிவிடுகிற கந்தோர்களும் இருக்கின்றன. தயவுசெய்து அதைச் செய்ய வேண்டாம்.

ஜிமெயில் என்றால் இதற்கென்றே வசதி இருக்கிறது. சேருடைய கணக்கைக் கணினியில் திறந்து, செட்டிங்ஸில் கணக்குகள் என்ற பகுதிக்குப் போனால், கணக்கைப் பார்க்க இன்னொருவருக்கு அனுமதி கொடுக்கும் இடம் வரும். அதில் உங்கள் முகவரியைப் போட்டால் உங்களுக்கு அழைப்பு வரும். ஒரு கிழமைக்குள் ஏற்காவிட்டால் அது காலாவதி. ஏற்ற பிறகும் வேலை செய்யத் தொடங்க 24 மணித்தியாலம் வரை எடுக்கலாம், அதனால் வெள்ளிக்கிழமை பின்னேரம் செய்துவிட்டு வரவில்லை என்று பதற வேண்டாம். நிறுவனக் கணக்கு என்றால் அதன் நிர்வாகி இந்த வசதியை முதலில் திறந்துவிட வேண்டும். பிறகு உங்களுடைய கடவுச்சொல்லோடு உள்ளே போய் அவருடைய மெயிலை வாசிக்கலாம், அனுப்பலாம், அழிக்கலாம். அவருடைய கடவுச்சொல்லை மட்டும் மாற்ற முடியாது. நீங்கள் விலகும் நாளில் அவர் ஒரே சொடுக்கில் அனுமதியை எடுத்துவிடலாம்.

அதே இடத்தில் இன்னும் இரண்டு தெரிவுகள் இருக்கும், அதிகம் பேர் கவனிப்பதில்லை. ஒன்று, நீங்கள் அனுப்பும் மெயிலில் அனுப்பியது நீங்கள் என்று காட்டுவதா, சேருடைய முகவரியை மட்டும் காட்டுவதா என்பது. மற்றது, நீங்கள் திறந்தால் அவருக்கு அது வாசித்ததாக மாறுவதா, வாசிக்காததாகவே இருப்பதா என்பது. இரண்டையும் அவரோடு கதைத்து முடிவெடுங்கள். அவுட்லுக்கில் இதே விஷயம் இரண்டு வகை அனுமதியாக வரும். ஒன்றில் அவரே அனுப்பியதுபோல் போகும், மற்றதில் "அவர் சார்பாக இன்னார்" என்று போகும். நான் எப்போதும் இரண்டாவதைத்தான் கேட்டு வாங்குவேன்.

சரி, இனித்தான் முக்கியமான விஷயம். "எல்லாத்தையும் பாருங்கோ" என்பதை அப்படியே எடுக்காதீர்கள். சேர் கந்தோரில் நிற்கும் ஒரு நாள், கதவைச் சாத்திக்கொண்டு அரை மணித்தியாலம் கேளுங்கள். கடைசியாக வந்த ஒரு நூறு மெயிலை ஒன்றாக மேலிருந்து கீழே பாருங்கள், ஒவ்வொன்றுக்கும் அவர் வாயால் "இதை நீங்கள் அனுப்பலாம்", "இதை எனக்குக் காட்டுங்கள்", "இதை நீங்கள் திறக்க வேண்டாம்" என்று சொல்லட்டும். நீங்கள் பக்கத்தில் இருந்து எழுதுங்கள். நூறு முடியும்போது அவருடைய மனம் எப்படி வேலை செய்கிறது என்று உங்களுக்குப் பிடிபட்டுவிடும். வாடிக்கையாளர் விலை கேட்டால் நீங்கள் எழுதலாம், விலை குறைக்கக் கேட்டால் அவரிடம் போக வேண்டும், வங்கி முகாமையாளர் எழுதினால் எந்த நேரமென்றாலும் போன் எடுக்க வேண்டும், இப்படி. எழுதியதை ஒரு பக்கமாகத் தட்டச்சு செய்து அவருக்கே மெயிலில் அனுப்பிச் "சரி" என்று ஒரு சொல் பதில் வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். பிறகு யார் என்ன கேட்டாலும் உங்கள் கையில் ஆதாரம் இருக்கும்.

பதில் எழுதும்போது உங்கள் பெயரிலேயே எழுதுங்கள். "பணிப்பாளரின் உதவியாளர் எழுதுகிறேன், உங்கள் மடல் அவருக்குக் காட்டப்பட்டது, வியாழக்கிழமைக்குள் பதில் தருவார்" என்று எழுதுவதில் ஒரு குறையும் இல்லை, வெளி ஆக்களுக்கு அது மரியாதையாகத்தான் படும். அவர் பெயரிலேயே போக வேண்டிய மடல் என்றால் டிராப்டாக எழுதிவைத்துவிடுங்கள், அவர் போனில் திறந்து பார்த்துத் தானே அனுப்பட்டும். இரங்கல், வாழ்த்து, மன்னிப்பு, ஒருவரை வேலையால் நிற்பாட்டுவது, இந்த நாலையும் அவர் பெயரில் நீங்கள் எழுதி அனுப்பவே கூடாது. அவரே கேட்டாலும் டிராப்டோடு நின்றுவிடுங்கள்.

ஆரியகுளத்தடி

அக்கா சொன்னதோடு ஒத்துப்போகிறேன். மெயில்களைப் பிரித்துவைக்கப் போடும் லேபல் விஷயம் மட்டும் நான் சொல்கிறேன், ஏனென்றால் புதிதாக வருகிற எல்லோரும் முதல் கிழமையே முப்பது, நாற்பது லேபல் போட்டு மாட்டிக்கொள்கிறார்கள்: வங்கி, சுங்கம், வாடிக்கையாளர், காப்புறுதி, வாகனம்... விஷயத்தின்படி பிரிப்பதால் பெரிய பலன் இல்லை, அதற்குத் தேடல் இருக்கிறது. அடுத்து யார் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் உங்களுக்குத் தெரிய வேண்டியது. எனக்கு நாலே லேபல்: சேர் முடிவு சொல்ல வேண்டியது, நான் செய்ய வேண்டியது, வெளியில் இருந்து பதில் வரக் காத்திருப்பது, வாசிக்க மட்டும். மூன்றாவதைப் பலர் விட்டுவிடுவார்கள். நாங்கள் கேட்டு எழுதிப் பதில் வராத மெயில்கள் அனுப்பியவற்றுக்குள் புதைந்து போய்விடும், "போன கிழமை அனுப்பினேனே" என்று நாங்கள் கேட்க வேண்டிய இடமும் அதுதான். கிழமைக்கு ஒருமுறை, நான் புதன்கிழமை செய்வேன், அந்த லேபலைத் திறந்து ஒவ்வொருவருக்கும் ஞாபகமூட்டி எழுதுவேன்.

பழைய ஆயிரக்கணக்கான மெயில்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க இருக்காதீர்கள். தேடல் பெட்டியின் ஓரத்தில் இருக்கும் குறியை அழுத்தினால் திகதி போட்டுத் தேடலாம். கடந்த இரண்டு மாதத்தை மட்டும் உண்மையாகப் பாருங்கள், அதற்கு முந்தியதை எல்லாம் ஒரேயடியாக ஆர்க்கைவ் செய்யுங்கள். ஆர்க்கைவ் என்றால் அழிப்பதில்லை, இன்பொக்ஸில் இருந்து விலகும், தேடினால் வரும். அழித்தால்தான் பயம்: ஜிமெயில் குப்பையில் 30 நாள் கிடந்தபிறகு தானாகவே போய்விடும். இன்னொருவருடைய மெயிலை விளம்பரம் தவிர எதையும் நான் அழிப்பதில்லை.

கணக்குப்பகுதி

ஏற்றுமதி நிறுவனம் என்கிறீர்கள், அதனால் காசு விஷயத்தைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. பணிப்பாளருடைய இன்பொக்ஸைப் பார்க்கிற ஆளைத்தான் மோசடிக்காரர் குறிவைப்பார்கள், ஏனென்றால் அவர் சொன்னார் என்றால் நீங்கள் செய்வீர்கள் என்று அவர்களுக்குத் தெரியும்.

வழக்கமாக இப்படித்தான் வரும். நீங்கள் வருடக்கணக்காகக் காசு அனுப்பும் வழங்குநரிடம் இருந்து, பழைய உரையாடலின் தொடர்ச்சியாகவே, "எங்கள் வங்கிக் கணக்கு மாறியிருக்கிறது, இனி இதற்கு அனுப்புங்கள்" என்று மெயில் வரும். முகவரி பார்க்க அதேதான், ஆனால் ஆங்கில எம் (m) இருக்க வேண்டிய இடத்தில் ஆர், என் என்ற இரண்டு எழுத்தும் (rn) ஒட்டி நிற்கும், போன் திரையில் ஒரு வித்தியாசமும் தெரியாது. சிலவேளை முகவரி உண்மையானதாகவே இருக்கும், ஏனென்றால் அந்த வழங்குநருடைய கணக்குக்குள்ளேயே யாரோ புகுந்திருப்பார்கள். அதனால் எழுத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்று நம்ப வேண்டாம். வங்கிக் கணக்கு மாற்றம் என்று எது வந்தாலும், உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் இலக்கத்துக்குப் போன் எடுத்து, பழக்கமான ஆளின் குரலைக் கேட்டு உறுதிப்படுத்துங்கள். அந்த மெயிலில் இருக்கும் இலக்கத்துக்கு எடுக்கவே கூடாது.

அதே கதைதான் சேர் கொழும்பில் நிற்கும்போது "நான் கூட்டத்தில் இருக்கிறேன், போன் எடுக்காதே, இதை உடனே செலுத்து" என்று வரும் மெயிலும். அவர் உண்மையாக அப்படி எழுதுகிறவராக இருந்தால் இப்போதே கதைத்து, காசு சம்பந்தமான எதற்கும் குரல் கேட்காமல் நான் அசையமாட்டேன் என்று சொல்லிவிடுங்கள். நல்ல பணிப்பாளர் அதைக் கேட்டுச் சந்தோஷப்படுவார்.

மாதம் ஒருமுறை செட்டிங்ஸில் பில்டர்களையும் (வரும் மெயிலைத் தானாகப் பிரிக்கும் விதிகள்), மெயில் வேறு முகவரிக்குத் திருப்பப்படுகிறதா என்பதையும் சேரோடு இருந்து பாருங்கள். உள்ளே புகுந்தவர்கள் முதலில் செய்வது, வங்கி என்ற சொல் வரும் மெயில்கள் வெளியே போகவும் இன்பொக்ஸில் தெரியாமல் இருக்கவும் ஒரு விதி போடுவதுதான். கடவுச்சொல்லை மாற்றினாலும் அந்த விதி அப்படியே இருக்கும். காசு போய்விட்டது என்று தெரிந்தால் அந்த நிமிடமே வங்கிக்குப் போன், பிறகு பொலிஸ், இணையப் பாதுகாப்பைப் பார்க்கும் இலங்கை சேர்ட் (CERT) நிறுவனத்துக்கும் அறிவிக்கலாம். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இதற்கெல்லாம் இருக்கிறது, ஆனால் காசைத் திருப்பி எடுப்பதற்கு முதல் சில மணித்தியாலங்கள்தான் கைகொடுக்கும்.

கொக்குவில்காரி

எல்லோருக்கும் நன்றி. அனுமதி வசதியைச் சேரிடம் காட்டினேன், சந்தோஷமாகச் செய்து தந்தார். ஆரியகுளத்தடி அண்ணா சொன்ன "காத்திருப்பது" லேபலை இன்றைக்கே போட்டுவிட்டேன்.

இன்னும் இரண்டு சந்தேகம். சேர் கோயில் பரிபாலன சபையிலும் பழைய மாணவர் சங்கத்திலும் இருக்கிறார், அந்த மெயில்கள் கனடா, லண்டன், அவுஸ்திரேலியாவில் இருந்து இதே முகவரிக்குத்தான் வருகின்றன. இணைப்பில் வருகிற தமிழ்க் கோவைகள் பாதி திறக்கும்போது ஆங்கில எழுத்தும் குறியுமாகத் தெரிகிறது, பெயரைப் போட்டுத் தேடினால் வருவதில்லை. மற்றது, குடும்ப மெயில். மகள் எழுதுவது, வைத்தியசாலை அறிக்கை. வேண்டுமென்று திறப்பதில்லை, ஆனால் வரிசையில் கண்ணில் படுகிறது.

பருத்தித்துறையான்

எழுத்துக் குழம்புவதற்குக் காரணம் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு. பழைய ஆக்கள் இன்னும் அதில்தான் தட்டச்சு செய்கிறார்கள், சங்கக் கூட்டறிக்கை, கோயில் அழைப்பு எல்லாம் அப்படித்தான் வரும். பாமினியில் கணினி சேமிப்பது ஆங்கில எழுத்துக்களைத்தான், எழுத்துரு அதற்கு மேல் தமிழ் வடிவத்தைக் காட்டுகிறது. எழுத்துரு இல்லாத போனில் வெறும் ஆங்கில எழுத்துக்கள் தெரியும், யூனிகோட்டில் "யாழ்ப்பாணம்" என்று தேடினால் ஒருநாளும் கிடைக்காது. உங்கள் கணினியில் பாமினியைப் போட்டுவிடுங்கள். சேருக்குக் காட்ட வேண்டிய கோவை என்றால் பிடிஎப் ஆக்கி அனுப்புங்கள், ரயிலில் அவர் போனிலும் ஒழுங்காகத் தெரியும். முக்கியமான தீர்மானம், திகதி, தொகை இருந்தால் எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோட்டாக்கி அதே உரையாடலுக்குள் சேருக்கு ஒரு வரி எழுதிவைத்துவிடுங்கள். அடுத்த வருடம் தேடும்போது அந்த ஒரு வரிதான் கைகொடுக்கும்.

பெயரும் அப்படித்தான். எங்கள் ஆக்களின் பெயரை ஆங்கிலத்தில் ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு விதமாக எழுதுவார்கள், இங்கே தகப்பன் பெயரின் முதலெழுத்து முன்னுக்கு நிற்கும், கனடாவில் அதே ஆளுக்குத் தகப்பன் பெயரே குடும்பப் பெயராகிவிடும். ஒரே பெயரில் நாலு பேர் வேறு. தொடர்புப் பட்டியலில் ஒவ்வொருவரின் குறிப்புப் பகுதியில் ஊர், எந்தச் சங்கம், சேர் அவரை எப்படிக் கூப்பிடுவார் என்று எழுதுங்கள். சேர் போனில் "புலோலி மாமாவுக்குப் பதில் போட்டாச்சோ" என்றுதான் கேட்பார், இன்பொக்ஸில் அந்தப் பெயர் இருக்காது.

நேரம். ரொறன்ரோ எங்களுக்கு அவர்களுடைய கோடையில் ஒன்பதரை மணித்தியாலம் பின்னுக்கு, மாரியில் பத்தரை. லண்டன் நாலரை, மாரியில் ஐந்தரை. சிட்னி, மெல்பேண் எங்களுக்கு முன்னுக்கு, நாலரையோ ஐந்தரையோ. அதனால் காலையில் கந்தோர் திறக்கும்போது கனடா மெயில்கள் ஏற்கெனவே வந்து கிடக்கும், ஆனால் அவர்கள் படுக்கப் போகிற நேரம் அது, உங்கள் பதிலுக்கு அவசரமே இல்லை. அவுஸ்திரேலியாவுக்குத்தான் முதலில் எழுத வேண்டும், எங்களுக்குப் பன்னிரண்டு தாண்டினால் அங்கே வேலை நாள் முடிகிறது. லண்டனுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு. மார்ச்சில் கவனம்: கனடாவில் இரண்டாம் ஞாயிறு மணிக்கூட்டை மாற்றுவார்கள், இங்கிலாந்தில் கடைசி ஞாயிறு, இடையில் இரண்டு மூன்று கிழமை இரண்டுக்கும் நடுவில் வழக்கமான ஐந்து மணித்தியாலம் நாலாகிவிடும். சூம் கூட்டங்கள் அந்த நாட்களில்தான் குழம்பும். நேரம் எழுதும்போது "யாழ்ப்பாண நேரம் மாலை 6.30, லண்டன் பிற்பகல் 2.00" என்று இரண்டையும் போடுங்கள். மாதத்தை எழுத்தில் எழுதுங்கள். 03/04 என்றால் எங்களுக்கு ஏப்ரல் 3, வட அமெரிக்காவில் பல பேருக்கு மார்ச் 4.

போயா நாள் (பௌர்ணமி விடுமுறை) வெளிநாட்டு வாடிக்கையாளருக்குத் தெரியாது. ஒவ்வொரு மாதமும் வரும் விடுமுறை அது, முதல்நாளே தானியங்கிப் பதில் போட்டுவிடுங்கள். நல்லூர்த் திருவிழா 25 நாளும் கந்தோர் திறந்துதான் இருக்கும், ஆனால் தேர், தீர்த்தத்துக்குச் சேர் நிச்சயம் இருக்கமாட்டார், அந்த இரண்டு நாளுக்கும் முன்கூட்டியே நேரசூசியில் தடை போடுங்கள்.

சுண்டிக்குளி அக்கா

குடும்ப மெயிலைப் பற்றி நேரடியாகச் சேரிடமே கேளுங்கள் தங்கச்சி, கூச்சப்பட வேண்டாம். "மகளின் மெயிலையும் வைத்தியசாலை மெயிலையும் எனக்குத் தெரியாமல் வைக்கலாமா" என்று கேட்டால் அவருக்கே நிம்மதியாக இருக்கும். பில்டர் போட்டு லேபலுக்குள் தள்ளினாலும் அனுமதி இருக்கும் ஆளுக்கு அது தெரியத்தான் செய்யும், அதனால் மிகச் சரியான வழி அவருக்குத் தனியாக ஒரு முகவரி திறந்து குடும்பத்துக்கு அதைக் கொடுப்பதுதான். கோயிலுக்கும் சங்கத்துக்கும் இன்னொன்று. நிறுவனக் கணக்கு நிறுவனத்தின் சொத்து, அவர் ஒருநாள் ஓய்வு பெற்றால் கோயில் கணக்கு வழக்குகள் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். எல்லோருக்கும் புது முகவரியை அறிவிக்க இரண்டு மூன்று மாதம் எடுக்கும், அதுவரை வருகிறதைத் திறக்காமல் அந்தப் புது முகவரிக்கு அனுப்பிவிடுங்கள்.

கண்ணில் பட்டதை வெளியே சொல்லாமல் இருப்பதுதான் இந்த வேலையின் பாதி. யாழ்ப்பாணத்தில் ஒருவருக்கு ஒருவர் எப்படியோ சொந்தம், சம்பளப் பட்டியலில் இருக்கும் ஆள் உங்கள் மச்சாளின் பக்கத்து வீடாக இருக்கும். வேலைக்கு விண்ணப்பித்தவர்களின் விபரக்கோவைகள் அடையாள அட்டை இலக்கத்தோடு இன்பொக்ஸிலேயே வருடக்கணக்காகக் கிடக்கும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது, இவற்றை எவ்வளவு காலம் வைப்பது, யார் பார்ப்பது என்று சேரோடு ஒரு முடிவுக்கு வாருங்கள். உங்கள் போனில் அவருடைய மெயில் இருக்கிறதென்றால் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள், திரைப்பூட்டு இல்லாமல் வைக்காதீர்கள்.

மறுபக்கம்

நான் இதே ஊரில் ஒரு நிறுவனம் நடத்துகிறேன், என் இன்பொக்ஸை ஒரு தங்கச்சிதான் பார்க்கிறார். சேர் பக்கத்தில் இருந்து ஒன்று சொல்கிறேன். எனக்கு வருகிற மெயில்களை அப்படியே திருப்பி அனுப்பி "சேர், இதற்கு என்ன செய்வது" என்று கேட்டால் நான் பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிடுவேன், உங்கள் சேர் ரயிலில் செய்வதும் அதுதான். எங்கள் தங்கச்சி காலை ஒன்பதுக்கும் பின்னேரம் நாலுக்கும் வட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்புவார். அதில் ஒவ்வொரு விஷயமும் ஒரு வரி, பக்கத்தில் அவருடைய யோசனை, எப்போதைக்குள் வேண்டும் என்பது. "1. லண்டன் கடைக்காரர் ஒரு கிழமை தவணை கேட்கிறார், முதல் இரண்டு முறையும் நேரத்துக்குச் செலுத்தியவர், கொடுக்கலாம் என்று நினைக்கிறேன், இன்று மூன்று மணிக்குள்." நான் "1 ஓம், 2 வேண்டாம், 3 போனில் கதைப்போம்" என்று ரயிலில் இருந்தே பதில் போட்டுவிடுவேன். வங்கி இலக்கம், சம்பளம் எதையும் அதில் எழுதமாட்டார், அவற்றுக்கு மெயிலின் தலைப்பை மட்டும் சொல்வார். நான் சொன்ன முடிவை அன்றைக்கே அந்தந்த மெயில் உரையாடலுக்குள் எனக்கு ஒரு வரியாக அனுப்பிவைப்பார், ஏனென்றால் வட்ஸ்அப்பில் சொன்னது போன் மாறினால் போய்விடலாம். உங்கள் சேரிடமும் காலை ஒரு நேரம், பின்னேரம் ஒரு நேரம் கேட்டுப் பாருங்கள். ரயில் வெளிக்கிட்டு அரை மணித்தியாலம் கழித்து அனுப்பினால் பதில் கெதியாக வரும், அந்த நேரம் அவருக்கு வேறு வேலை இருக்காது.